கலியாணம் முடித்தால் யார் போவது?

வீடு கட்டுவதற்காகத்தான் நான் கொம்பியூட்டர் படிக்கப் போனேன். வீடு கட்ட வேண்டுமென்றால் மேசனைப் பிடிக்க வேண்டும், கல்லும் மணலும் பறிக்க வேண்டும், கொம்பியூட்டருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா கேட்டாள். அந்த நாட்களில் எனக்கு எல்லோர் மேலும் கோபம். அக்கா மேல் கொஞ்சம் கூடுதல். அவளுடைய வீடு நின்றது, என்னுடையது போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவின் வீடு மூத்தவளுக்குப் போகும், அடுத்தவளுக்கு இன்னொன்று கட்டிக் கொடுக்க வேண்டும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பிறக்கும் பிள்ளை தாயின் குடியில், தாய்வழி வம்சத்தில், சேரும். கோயில் சடங்கில் எந்தக் குடிக்கு எந்த நாள் என்பதும் அப்படித்தான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. சோற்றை வலது கையால் உண்பதை யார் சொல்லித் தந்தார்கள்?

அம்மாவின் வீடு கல்லடியில் ஆற்றுப் பக்கம். வெளியூர்க்காரர் வாவி என்பதை நாங்கள் ஆறு என்போம். அது அக்காவுக்குப் போனபின் அம்மா, அப்பா, நான் எல்லோரும் அதிலேயே இருந்தோம். எனக்கான வீட்டை அப்பா கடற்கரைப் பக்கம் கட்டினார். சுவர் எழும்பி, கதவு நிலைகள் வைத்து, கூரைக்கு மரமும் வந்து இறங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மரத்துக்குக் காவலிருக்க அப்பா போக வேண்டும். தேத்தண்ணீர் வரச் சுணங்கியது. அதனால் வீட்டில் நின்றார், அதனால் இருக்கிறார். கடல் வந்து போனபின் நாங்கள் போய்ப் பார்த்தோம். நிலை ஒன்று மட்டும் மணலில் சாய்ந்து கிடந்தது. சுற்றியிருந்த வீடுகளில் ஆட்களே இல்லை. அந்த வெறும் வீடுகளுக்கு முன்னால் நின்று பாதி கட்டிய வீட்டுக்காக எப்படி அழுவது? வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் நின்று அழுதேன்.

வீட்டோடு கலியாணமும் போனது. மாப்பிள்ளை ஆரையம்பதியில் ஒரு எழுதுவினைஞர், பேச்செல்லாம் முடிந்து தை மாதம் கலியாண எழுத்து, அதாவது பதிவு, வைப்பதாக இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் எழுத இருந்தது என்னை அல்ல, வீட்டைத்தான் என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வேலை, சுனாமி வீட்டுத்திட்டம் ஒன்றின் அலுவலகத்தில் தட்டச்சு. ஊரெல்லாம் யார் யாருக்கோ வீடு என்று நாள் முழுக்கத் தட்டுவேன். என்னுடைய வீட்டில் குடியிருக்கவில்லை என்பதால் எனக்கு உரித்தில்லை. அங்கே பொறுப்பாக இருந்த பெரியவர் ஒருநாள் சொன்னார், திட்டம் முடிந்தால் தட்டச்சுக்காரர் எல்லோரும் போக வேண்டியதுதான், ஆனால் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வோம், சான்றிதழ் மட்டும் வேண்டும் என்று. நான் அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டேன். சான்றிதழ் இருந்தால் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால் வங்கி கடன் தரும், கடன் வந்தால் அக்காவின் வளவுக் காணியில் பாதியில் வீடு எழும்பும். அப்பாவிடம் இனி ஒரு வீட்டுக்குத் தெம்பில்லை. எனக்கிருந்த ஒரே வழி அந்தச் சான்றிதழ்தான்.

வகுப்பு, நகரத்தில் ஒரு தொழிற்கல்லூரியில். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி, இருட்டுமுன் முடித்துவிடுவார்கள். சண்டை மறுபடி தொடங்கியிருந்த காலம். பொழுதுபட்டபின் வீதியில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. அறையில் இருந்த கொம்பியூட்டர்கள் எல்லாம் எங்கேயோ பாவித்துக் களைத்துப்போய் வந்தவை. இரண்டு பேருக்கு ஒன்று. ஒன்றுக்கு மவுஸ் இடப் பக்கம் இழுத்தால் வலப் பக்கம் போகும். அதில் ஒரு வங்கிக்காரர் மாட்டை விரட்டிச் சாய்ப்பதுபோல் பழகியிருந்தார், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருசன் கத்தாரில். மச்சான்மார் நடத்தும் புடவைக் கடையில் என்ன வந்தது, என்ன போனது என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை, எல்லோருமாகச் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். அதைப் பிடிக்க ஒரு புரோகிராம் எழுதத்தான் படிக்க வந்தார். விசைப்பலகையை ஒற்றை விரலால் கொத்துவார், ஆனால் பிழையாகக் கொத்தமாட்டார். நான் பத்து விரலாலும் ஓடி, ஓடிய வேகத்தில் பிழைவிட்டு, மேசையைத் தட்டுவேன். "மெசினுக்கு அடிச்சி என்ன புள்ள, அதுவா எழுதின?" என்பார். எனக்கு எரிச்சல் வரும், ஆனால் அவர் இல்லாத நாட்களில் எனக்கு ஒன்றும் ஓடாது.

படிப்பித்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படித்து, கொழும்பில் வேலை பார்த்து, எங்கள் ஊருக்கு யாரும் வர விரும்பாத காலத்தில் வந்தவர். எல்லோரும் கூப்பிடுவதுபோல் நானும் அவரைச் சேர் என்பேன். மெல்லிய குரல். கோபமே வராது என்று நினைத்திருந்தோம். அவர் பேசுவது எங்களுக்கு வானொலி நாடகம் கேட்பதுபோல் இருக்கும், நாங்கள் பேசுவது அவருக்குப் பாதி விளங்காது. இரண்டு பக்கமும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டோம்.

ஆரம்பத்தில் அவர் தந்த பயிற்சி ஒன்று எனக்கு மறக்காது. இரண்டு வகுப்பு இருக்கிறது, ஒரு மாணவனை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் பழைய வகுப்பில் அவன் பெயரை அழித்தேன், பிறகு புது வகுப்பில் எழுதச் சொன்னேன். ஓட்டிக் காட்டும்போது கரண்ட் போய்விட்டது. அது எங்கள் ஊரில் தினமும் நடப்பது. திரும்ப வந்தபோது அந்த மாணவன் இரண்டு வகுப்பிலும் இல்லை. நான் கரண்டைத் திட்டினேன். அவர் கரண்டை விட்டுவிட்டு என்னுடைய வரிகளைப் பார்த்தார்.

"முதல்ல புது எடத்துல எழுதுங்க," என்றார். "அங்க பதிஞ்சிருச்சானு பாருங்க. அதுக்கப்புறம்தான் பழைய எடத்துல அழிக்கணும். இல்லாட்டி நடுவுல ஆளு காணாம போயிருவான்."

அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஆள் காணாமல் போவதென்றால் உண்மையாகவே காணாமல் போவதுதான். கடலிலும் போனார்கள், வீதியிலும் போனார்கள். அவர் தெரியாமல் சொல்லிவிட்டார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று, ஒன்றும் எழுதாத பலகையைத் துடைத்தார். எனக்கு அவர் மேல் முதன்முதலாக ஒரு பட்சம், ஒரு பிரியம், வந்தது அப்போதுதான். ஆனால் அதை அப்போது பட்சம் என்று நான் பெயர் வைக்கவில்லை.

ஒரு காலம் வாகரைப் பக்கமிருந்து குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதிரவெளியிலிருந்து சனம் இடம்பெயர்ந்து நகரத்துப் பள்ளிக்கூடங்களில் வந்து இருந்தது. பின்னேரம் வகுப்பு நடக்கும்போது யன்னல் கண்ணாடி அதிரும். சேர் சற்று நிறுத்துவார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கல்லடிப் பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். ராத்தா ஓட்டோவில் வருவார். என்னை முந்திப் பாலத்துக்கு வந்தாலும், நான் சோதனை முடிந்து வரும்வரை அந்தப் பக்கம் ஓட்டோவை நிறுத்திக் காத்திருப்பார். இரண்டு ஊருக்கும் இடையில் பகை வந்து கதவடைப்பு நடந்த கிழமைகளிலும் அவர் வந்தார். நோன்பு காலத்தில் கஞ்சி கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, "நீ இப்ப குடி, நான் ஊட்ட போய்க் குடிக்கன்" என்பார். ஊரெல்லாம் பயந்துகிடந்தாலும், அந்த வகுப்பறையில் நான் சந்தோசமாக இருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கடைசி வேலைதான் சான்றிதழுக்கு உரியது. கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. ஒரு குடியேற்றத்தில் இருக்கும் குடும்பங்களைப் பதிந்து வைக்கும் புரோகிராம். பிள்ளை பிறந்தால் சேர்க்க வேண்டும், ஆள் இறந்தால் நீக்க வேண்டும், கலியாணம் நடந்தால் ஒருவரை அவர் பிறந்த வீட்டிலிருந்து எடுத்து மற்றவரின் வீட்டில் போட வேண்டும். அவரவர் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் சான்றிதழ் இல்லை. நான் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அதிலேயே கிடந்தேன். முதலில் எழுது, பிறகு அழி என்பதை மறக்கவில்லை. வேலை செய்தது. அலுவலகத்தில் பெரியவரிடம் இந்த மாதம் சான்றிதழ் வந்துவிடும் என்றே சொல்லிவிட்டேன். அக்காவின் வளவில் எங்கே வாசல் வைப்பது என்று அப்பா கம்பால் கோடு கீறிப் பார்த்தார்.

அடுத்த கிழமை சேர் வகுப்புக்குள் வந்த விதமே சரியில்லை. கையில் எங்களுடைய தாள்களின் கட்டு. அதை மேசையில் வைத்தார், போட்டார் என்றுகூடச் சொல்லலாம். கொழும்பு தந்த சோதனையில் ஒருவருடையதும் சரிவரவில்லை என்றார். பிழை விடுவது பாவமில்லை, ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே பிழையை எப்படி விடுவீர்கள்? ஒருவர் எழுதியிருக்கிறார், மற்றவர்கள் கொப்பி அடித்திருக்கிறீர்கள். யார் என்று சொன்னால் அந்த ஒருவருக்காவது சான்றிதழ் கிடைக்கும். இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை.

நான் எழும்பினேன். எனக்கு அந்த நேரத்தில் கண் தெரியவில்லை. வாசல் கோடு மட்டும் தெரிந்தது. நான் யாருடையதையும் பார்க்கவில்லை, என்னுடையதை யாரும் பார்க்கவில்லை, எந்த இடத்தில் என்ன பிழை என்று முதலில் காட்டுங்கள் என்றேன். குரல் உயர்ந்துதான் இருந்திருக்கும், வங்கிக்காரர் மவுசை விட்டுவிட்டார்.

சேர் என்னுடைய தாளை எடுத்தார். "கலியாணம் நடந்தா நீங்க பையனை அவன் வீட்லேருந்து அழிச்சிருக்கீங்க."

"ஓம்."

"ஏன்?"

"கலியாணம் முடிச்சா அவன் போயிருவான் தானே சேர்."

"எங்க போயிருவான்?"

"பொண்டாட்டிர வீட்டுக்கு," என்றேன். இதென்ன கேள்வி என்று எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ராத்தாவைப் பார்த்தார். ராத்தா காத்தான்குடி, வேறு சமயம், வேறு வழக்கம், அவராவது தன் பக்கம் நிற்பார் என்று சேர் நினைத்தார் போலும். ராத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எங்களிலும் அப்படித்தான் சேர், ஊடு பொம்புளப் புள்ளைக்குத்தானே என்றார். சேர் வகுப்பிலிருந்த கலியாணம் முடித்த ஆண்களை எழும்பச் சொன்னார். யாருடைய வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதற்குப் பதில் சொல்வதுபோல் ஒவ்வொருவராக, மனிசிர வீட்டில், மனிசிர வீட்டில் என்றார்கள். வங்கிக்காரர் மட்டும், இப்போது வாடகை வீடு, மனிசியின் வீடு கட்டி முடியவில்லை என்றார்.

சேர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கத் தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்களுடைய பக்கத்தில் பெண்தான் போவாள். அவருடைய அக்காமார் எல்லோரும் போனார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தாராம். கொழும்பில் தாளைத் தயாரித்தவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அதனால் யார் போவது என்று எழுதவே இல்லை. எழுதாததை நாங்கள் எல்லோரும் எங்கள் பழக்கத்தால் நிரப்பியிருந்தோம். கொப்பி அடித்தீர்கள் என்றதற்கு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு அதுவே பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. கொழும்பின் சோதனையில் பெண் போனால்தான் சரி. அந்தச் சோதனையை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஒரு வரிதான், அதைத் திருப்பி எழுதித் தாருங்கள், ஒரு கிழமை தவணை வாங்கித் தருகிறேன் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

நான் அந்த வரிக்கு முன்னால் இருந்தேன், கை போகவில்லை. இதைப் பிடிவாதம் என்றுதான் அம்மா சொன்னாள், இருக்கலாம். ஆனால் என் வீட்டைக் கடல் எடுத்தது, மாப்பிள்ளை வீட்டார் என்னை எடுத்துப்போட்டார்கள், இப்போது என் கையாலேயே பெண்ணை அவள் தாயின் வீட்டிலிருந்து அழி என்று எழுத வேண்டும். வெறும் புரோகிராம்தானே என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. எழுதாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் வீடு இல்லை. வீட்டுக்காக வீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் பிறகு எதற்கு வீடு?

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ராத்தா என் திரையை எட்டிப் பார்த்தார். அவரும் இன்னும் மாற்றவில்லை. தனக்குப் பெண்பிள்ளைகள் மட்டும்தான், அவர்களை அழிக்கும்படி எழுத விரல் போகவில்லை என்று சொன்னார். பிறகு, கடையில் புதுப் பையன் வந்தால் என்ன செய்வான் என்று கேட்டார். தெரியாத விசயத்தைத் தானாக ஒன்று நினைத்துக்கொண்டு செய்தால் அடி விழும், கேட்டுவிட்டுச் செய்தால் விழாது.

"அதுக்குத் தெரியாட்டி அது கேக்கட்டுமே புள்ள," என்றார். "நம்மட ஊருல ஒரு மாதிரி, அவங்கட ஊருல ஒரு மாதிரி. மெசினுக்கு எங்க தெரியும்?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. கட்டிப்பிடித்தேன். அன்றைக்கே இருவரும் அவரவர் புரோகிராமில் வேலையைத் தொடங்கினோம். குடியேற்றத்தைத் திறந்தவுடன், வேறெதுவும் செய்யமுன், அது ஒரு கேள்வி கேட்கும்: இங்கே கலியாணம் முடித்தால் யார் போவது? ஆண் என்றால் ஒன்று என்ற விசையை அமத்த வேண்டும், பெண் என்றால் இரண்டை. அமத்தியபடி அது நடக்கும். கொழும்புக்கு இரண்டை அமத்தினால் அவர்களுடைய விடை வந்தது. ஒன்றை அமத்தினால் எங்களுடையது. சேருக்கு ஓட்டிக் காட்டினோம். அவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், கரண்ட் போகும்வரை. மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ராத்தாவிடம் இதை யார் யோசித்தது என்று கேட்டார். ராத்தா என்னைக் காட்டினார், நான் ராத்தாவைக் காட்டினேன். இந்த முறை அது கொப்பி இல்லை என்று எழுதி அனுப்புகிறேன் என்றார்.

சான்றிதழ் வந்தது. அலுவலகப் பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வங்கியும் தந்தது. அக்காவின் வளவில் அப்பா கீறிய கோட்டில் அத்திவாரம் வெட்டினார்கள். அக்கா அன்று காலையில் எல்லோருக்கும் பால்சோறு ஆக்கினாள், கொம்பியூட்டருக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மறுபடி கேட்கவில்லை. ராத்தா புடவைக் கடையில் கள்ளனைப் பிடித்துவிட்டார். ஒருவரும் ஏமாற்றவில்லை, மச்சான்மாருக்குக் கூட்டல் வராது, அவ்வளவுதான். அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

எங்களுடைய வகுப்போடு அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டார்கள். சேர் பதுளைக்குத் திரும்பிப் போனார். போகும்போது, புரோகிராமில் பிழை ஏதும் வந்தால் கேளுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகத் தொலைபேசி எண்ணைப் பலகையில் எழுதினார். வேறு யாரும் கேட்டார்களோ தெரியாது. எனக்குப் பிழைகள் வந்தன. முதல் சில மாதம் உண்மையான பிழைகள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாக ஓடியது, ஆனால் எண் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் நான் தேடித் தேடிக் குறை கண்டேன். அவரும் அந்தக் குறைகளை மிகவும் பொறுமையாக ஆராய்ந்தார். இப்படி இரண்டு வருடம் ஓடியது. இரண்டு பேருக்கும் வேறு பேச்சுத் தெரியாது.

பிறகு யுத்தம் முடிந்தது. அதைப் பற்றி அவரவர் தங்கள் வீட்டின் இழப்புக்கேற்றபடி பேசினார்கள், பலர் பேசாமல் இருந்தார்கள். கதிரவெளிச் சனம் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்தது. பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓடலாம் என்று முதல்நாள் சொன்னபோது, நான் பழக்கத்தில் இறங்கி நடந்துவிட்டேன். பதுளை பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

அந்த பஸ்சில்தான் சேர் வந்து இறங்கினார், முன்னறிவித்தல் இல்லாமல், கையில் ஒரு தேயிலைப் பொதியுடன். ஞாயிறு பின்னேரம். நான் புது வீட்டில் நின்றேன். கூரை போட்டாகிவிட்டது, நிலத்துக்கு இன்னும் சீமெந்து போடவில்லை, காலில் மணல். சுனாமியில் தப்பிய அந்த ஒரு நிலையை முன்வாசலுக்கு வைத்திருந்தோம், அப்பாவின் பிடிவாதம். நான் அவரைப் பார்த்ததும், வருவதென்றால் சொல்லிவிட்டு வரக் கூடாதா, இருக்கக் கதிரைகூட இல்லை என்று பாய்ந்தேன். அவர் நிலையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"கலியாணம் முடிச்சா இங்க யாரு போறது?"

"அதை அண்டைக்கே சொன்னன் தானே. ஆம்புளைதான்."

"சரி," என்றார். "அப்ப நான் வாறன்."

எங்கள் ஊர்ச் சொல் அவர் வாயில் கோணலாகத்தான் வந்தது. அவர் கொண்டுவந்த தேயிலையை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடி, தேத்தண்ணீர் போட்டேன். சீனி போட மறந்துவிட்டேன். அவர் குடித்தார்.

அம்மாவுக்கு முதல் கவலை குடியைப் பற்றி. ஒரே குடிக்குள் முடிக்கக் கூடாது. அவர்களில் அப்படி ஒன்றே இல்லை என்றதும் முட்டுப்பட வழியில்லை என்று நிம்மதியானாள். கவலை வந்தது அந்தப் பக்கம்தான். சேருடைய அம்மா அவ்வளவு தூரம் பஸ்சில் வந்து, புது வீட்டில் இரவல் வாங்கிப் போட்ட கதிரையில் இருந்தார். மெலிந்த மனுசி. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், நல்லா கட்டியிருக்கீங்க என்றார். அவர் தன் பெண்பிள்ளைகளை எல்லாம் அனுப்பியவர். மகன் இருப்பான் என்று நினைத்திருந்தவர். பேச்சுக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்ப எம் புள்ளைய எங்க வீட்லேருந்து எடுத்துருவீங்களாம்மா?"

எழுதியவள் நான்தான். மகன் போய்விடுவான் என்று வகுப்பின் நடுவில் நின்று சத்தம் போட்டவளும் நான்தான். என் வீட்டுப் பெண்ணை அழிக்க எனக்குக் கை வரவில்லை. மகனை அழிக்கும்போது அவன் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது அவர் என் முன்னால், என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இல்ல மாமி," என்றேன். "இங்க புதுசா எழுதுறம். அங்க அழிக்கல்ல."

அவருக்கு அது என்ன விளங்கியதோ. கையை விடாமல் இருந்தார்.

கலியாணம் முடிந்து, இப்போது எங்கள் வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. அந்தப் பழைய புரோகிராமையும் வைத்திருக்கிறேன், வருடத்தில் ஒருநாளாவது திறந்து பார்ப்பேன். தேயிலைக் கொழுந்து அதிகம் எடுக்கும் காலத்தில் ஒரு மாதம் சேர் பதுளையில்தான். மாமி மழைக்கு முன் இங்கே வந்துவிடுவார். புரோகிராமில் கேள்வி அப்படியே இருக்கிறது, ஒன்றை அமத்தினால் என் வீட்டில் சேருடைய பெயர் வரும். ஆனால் அதன் பின் வரும் அழிக்கிற வரியை எடுத்துவிட்டேன். ஒரே ஆள் இரண்டு வீட்டில் நிற்கிறார், இது பிழை என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். இருக்கட்டும் சேர் என்கிறேன் நான்.